பழைய பட்டணமும் நம் கடை வாசலும்



பட்டணத் திட்டம் என்பது பெரிய படிப்புப் படித்தவர்களின் விஷயம், மளிகைக் கடைக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் அநேகர் நினைக்கிறோம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கடையைக் காலி செய்து சாமான்களை லோரியில் ஏற்றியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்தப் புத்தியே இந்தப் பாடம்.

நம் கோல சிலாங்கூர் சாதாரண ஊரல்ல. சிலாங்கூர் சுல்தான்களின் பழைய இராஜதானி. 1784ல் டச்சுக்காரர்கள் புக்கிட் மெலாவாத்திக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு வருஷமே சுல்தான் இப்ராஹீம் அதை மீட்டார். குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907ல் கட்டப்பட்டது. அடிவாரத்துச் சதுப்புக் காடு 1987ல் இயற்கைப் பூங்கா ஆயிற்று. பீரங்கிகளையும் வெள்ளிக் குரங்குகளையும், கம்போங் குவாந்தானில் மின்மினிகளையும் காணத் தூர தேசத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். இவையெல்லாம் காப்பாற்றப்பட வேண்டியவையே. ஐயமில்லை.

ஆனால் குன்றுக்குக் கீழே இருக்கும் கடைவீடுகளை எத்தனை பேர் நினைக்கிறோம்? சம்பள நாளிலே ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அஞ்சடியில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பற்றுப் புத்தகத்தில் பழைய பாக்கியைத் தீர்த்து, புதுச் சாமான் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த அஞ்சடியும் ஒரு பட்டணத் திட்டந்தான். வரிசைக் கடைகளுக்கு முன்னால் மழை வெயில் படாத நடைபாதை விட வேண்டும் என்று 1822ல் சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் விதித்த ஒழுங்கு மலாயா முழுவதும் பரவியது. யாரோ யோசித்து எழுதி வைத்த ஒரு விதி, இருநூறு வருஷமாக நமக்கு நிழல் தருகிறது.

இனி பினாங்கைப் பாருங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெரு நாகூர் தர்காவும் நம் முன்னோர் அங்கே எவ்வளவு காலத்துக்கு முன் வேரூன்றினார்கள் என்பதற்குச் சாட்சி. 1966ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களுக்கு வாடகை ஏறாமலும், குடியிருப்பவனை எளிதில் வெளியேற்ற முடியாமலும் காத்தது. 1997ல் அது ரத்தாயிற்று. 2000 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தக் காவல் முற்றும் நீங்கியது. வாடகை ஏறியது. தலைமுறையாக இருந்த அநேகர் கடையையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். 2008 ஜூலை 7ல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரியத் தலங்கள் ஆயின. கட்டடங்களுக்கு மதிப்புக் கூடியது. பல கடைவீடுகள் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளுமாயின. சுவர் பிழைத்தது, உள்ளே இருந்த சிறு வியாபாரி பிழைக்கவில்லை.

நான் கற்ற பாடம் இதுவே: கட்டடம் நின்றால் மட்டும் பட்டணம் நிலைத்ததாகாது, அதிலே வாழ்கிறவனும் நிலைக்க வேண்டும். 2005ஆம் வருஷத்துத் தேசியப் பாரம்பரியச் சட்டம் கட்டடத்தைக் காக்கும். வாடகைக்காரனின் தவணையை நீட்டித் தராது. அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். என் வாப்பாவும் கட்டட முதலாளியும் வாய்ச்சொல்லிலேயே காலத்தை ஓட்டினார்கள். முதலாளி மௌத்தானார். வாரிசுகள் விற்றார்கள். வாங்கியவர், "உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது?" என்று கேட்டார். வாடகை ரசீதைத் தவிர ஒன்றுமில்லை. மூன்று மாதத் தவணை தந்தார். அவர்மேல் எனக்குக் குறையில்லை, குறை என்னுடையது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்து 282ஆம் ஆயத்து கட்டளையிடுகிறது. சிறு வயதிலே அதை மனனம் செய்த நான், கடைக்கு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை!

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: வாடகை ஒப்பந்தத்தை எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, முத்திரை வரி கட்டுங்கள்.

இரண்டு: தேசிய நிலச் சட்டப்படி, மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட தவணையைக் குத்தகையாகப் பதிய வேண்டும். மூன்று வருஷத்துக்கு மேற்படாத வாடகையைப் பதிய வேண்டுவதில்லை. ஆனால் நில அலுவலகத்தில் விண்ணப்பித்து, நிலத்தின் உரிமைப் பதிவிலே அதைக் குறிப்பாக ஏற்றிக்கொள்ளலாம். விற்பனைக்கு முன்னரே ஏற்றியிருந்தால், வாங்குகிறவரும் உங்கள் தவணைக்குக் கட்டுப்பட்டவர். ஏற்றாவிட்டால் கட்டுப்பட்டவரல்லர். எழுத்தே இல்லாதவன் எதைக் கொண்டுபோய்க் காட்டுவான்?

மூன்று: 1976ஆம் வருஷத்து நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, நகராண்மைக் கழகம் வட்டாரத் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. எந்த இடம் கடைக்கு, எங்கே சாலை என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில்தான் முடிவாகும். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்திலே கட்டட விண்ணப்பம் வந்தால், அண்டை நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் அறிவிப்புப் போகும், வாடகைக்காரனுக்கு அல்ல. ஆகையால் நம் குரல் ஏறும் வாசல் அந்த நான்கு வாரமே.

அந்த நேரத்தில் காப்பிக் கடையில் முறையிட்டுப் பயனில்லை. போய் வரைபடத்தைப் பாருங்கள். மலாய் நன்றாக எழுதும் பிள்ளை ஒருவனை அழைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்குமிடம் கடை வரிசைக்கு அருகிலே இருக்கட்டும், அஞ்சடி அடைபடாதிருக்கட்டும், பழைய வரிசையில் சிறு வியாபாரத்துக்கும் இடமிருக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்துக் கடைச் சீனரும், எதிர்க்கடை மலாய்க்காரரும் சேர்ந்து கையொப்பமிட்டால் இன்னும் நல்லது. மழையும் வெயிலும் அவர்களுக்கும் ஒன்றுதானே.

இன்றிரவு கடை அடைத்ததும் பெட்டியைத் திறந்து பாருங்கள். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா? முத்திரை இருக்கிறதா? தவணை என்று முடிகிறது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், நாளைக் காலையில் முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும். லோரி வாசலில் வந்து நின்ற பிறகு தேடினால் கிடைக்காது.