மூங்கில் தட்டியும் கைவினைஞர் வாழ்வும்

வீட்டை அழகுபடுத்தும் பொருள்களுள் சன்னலில் தொங்கும் மூங்கில் தட்டியும் ஒன்று. அது வெயிலைத் தணிக்கிறது, காற்றைத் தடுப்பதில்லை, அறைக்கு மறைவும் தருகிறது. பொருளாதார நோக்கில் காணின், காட்டில் தொடங்கிக் கைவினைஞர் வழியாக வீடு வந்து சேரும் ஒரு தொழிலின் கடைசிக் கட்டம் அது எனலாம்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ள புனே நகரில், மார்ச் முதல் மே வரை வறண்ட வெயில் கடுமையாக இருக்கும். பிற்பகலில் மேற்குச் சன்னல்களின் வழியே வெப்பம் புகுகிறது. கண்ணாடிக்கு வெளியே தட்டியைத் தொங்கவிட்டால், வெப்பம் நுழையுமுன்பே தடுக்கப்படுகிறது. உட்புறம் கட்டினால், கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பத்தில் ஒரு பகுதி அறையிலேயே தங்கிவிடும்.

பழைய புனேயில் தொழில்வாரியாகத் தெருக்கள் அமைந்தன. மராத்தியில் 'ஆளி' என்பது தெருவைக் குறிக்கும். செம்புப் பாத்திரம் செய்வோருக்குத் தாம்பட் ஆளி இருந்தது போல், மூங்கில் வேலை செய்வோருக்குப் புருட் ஆளி இருந்தது. கூடை, முறம், தட்டி முடைவது புருட் சமூகத்தினரின் மரபுத் தொழிலாகும். மகாராஷ்டிரத்தில் இவர்கள் பட்டியல் சாதியினர்.

இத்தொழிலுக்கு நெடுங்காலம் இடையூறாக இருந்தது சட்டமே. தாவர இயலில் மூங்கில் புல் வகையைச் சேர்ந்தது. ஆயினும் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதனை மரம் என்றே வரையறுத்தது. ஆகவே, வெட்டவும் எடுத்துச் செல்லவும் அனுமதி தேவைப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருளாக ஏற்று, வனவாழ் மக்களுக்கு உரிமை அளித்தது. அதன்படி 2011இல் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மெண்டா லேகா கிராமம் மூங்கிலைத் தானே விற்கும் உரிமையைப் பெற்றது. 2017 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலமும், பின்னர் 2018இல் திருத்தச் சட்டத்தின் மூலமும் மரம் என்ற வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. உழவர் தம் நிலத்தில் மூங்கில் வளர்த்து விற்க இது வழிவகுத்தது.

மூலப்பொருள் கிடைத்தால் மட்டும் போதுமா? மூங்கிலிலுள்ள மாவுச்சத்தை நாடித் துளைப்பான் வண்டு வருகிறது. மழை ஈரத்தில் பூசணம் படிகிறது. மூன்றாண்டுக்கு மேல் முற்றிய மூங்கிலை மழைக்காலம் கழிந்தபின் வெட்டி, போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்தினால் அதன் ஆயுள் நீடிக்கும். இம்மருந்து மழைநீரில் கரைந்து வெளியேறக்கூடியது. ஆதலால் வெளிப்புறத் தட்டிக்கு வார்னிஷ் பூச்சும் மேலே மழை மறைப்பும் வேண்டும்.

பதப்படுத்தாத தட்டி விரைவில் உளுத்துப்போனால், வாங்கியவர் அடுத்த முறை பிளாஸ்டிக் திரையை நாடுவார். அந்த இழப்பு கைவினைஞரையே சாரும். ஊறவைக்கும் தொட்டியையும் உலர்த்தும் இடத்தையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அமைத்துக்கொள்வது அரிது. கூட்டுறவு முறையில் ஒரு பொதுக்கூடம் அமைந்தால், பல குடும்பங்கள் குறைந்த செலவில் பயன்பெறலாம். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் தரம் குறித்துத் தட்டிகளை வாங்குமாயின் நிலையான சந்தை உருவாகும்.

சட்டம் தடையை விலக்கியுள்ளது. அதன் பயன் மூங்கில் விளைவிப்போரோடு நின்றுவிடாமல், பிளாச்சு சீவி முடையும் கைகளையும் சென்றடைய வேண்டும். அதற்குத் தேவையானவை பதப்படுத்தும் வசதியும் உறுதியான சந்தையுமே ஆகும்.