பனைக்கு அங்கால விழுந்த வெள்ளி

இரவில் பெரிய எரிவெள்ளி ஒன்று போனால் போதும். மறுநாள் குறிகட்டுவான் இறங்குதுறையில் அது விழுந்த இடத்தை ஆளுக்கொரு பக்கமாகக் காட்டுவார்கள். ஊர்காவற்றுறைக்காரருக்கு எழுவைதீவுக்கு அங்கால. நயினாதீவுக்காரருக்கு நெடுந்தீவுப் பக்கம். நெடுந்தீவுக்காரரோ, “என்ர கண்ணாலை கண்டனான், உந்தப் பனைக்கு அங்கால கடலுக்குள்ளை விழுந்தது” என்று சத்தியமே செய்வார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கண்டது மெய். விழுந்ததுதான் பொய். எரிவெள்ளிகள் எரியத் தொடங்குவது ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில். சென்னைக்கு மேலே 80 கிலோமீற்றர் உயரத்தில் ஒன்று எரிந்தால், நெடுந்தீவில் நிற்பவருக்கு அது கடல்விளிம்பிலிருந்து ஒரு முட்டி உயரத்தில் தெரியும். கையை நீட்டி முட்டி பிடித்துப் பாருங்கள். இன்னும் கீழே இறங்கினால் பனைவரிசைக்குள் மறைந்துவிடும். இடையில் 400 கிலோமீற்றர் கிடக்கிறது, ஐயா! இருட்டில் தனி வெளிச்சத்தின் தூரத்தைக் கண் அளக்காது. பக்கத்து வள்ளத்து விளக்கா, தூரத்துக் கப்பலா என்று இராக்கடலில் தடுமாறியவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

கல்லே விழாது என்று சொல்லவில்லை. 1795 இல் முல்லைத்தீவில் விழுந்த கல் அந்த ஊரின் பெயரோடேயே உலக விண்கல் பட்டியலில் இருக்கிறது. வானத்திலிருந்து கல் விழும் என்று ஜெர்மானியரான கிளாட்னி 1794 இல் எழுதியதைப் படித்தவர்களே நம்பாத காலம் அது. ஆனால் தரைக்கு வரும் கல் கடைசிப் பல கிலோமீற்றரை வெளிச்சமே இல்லாமல்தான் கடக்கும். எரிந்தபடியே கடல் வரைக்கும் வரக்கூடிய அளவு பெரியது பக்கத்தில் விழுந்தால், கதை சொல்ல ஆள் மிஞ்சாது.

நம் தீவுகள் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். கறுத்து, பாரமாய், காந்தம் ஒட்டும் கல் கிடைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள். பெரும்பாலும் இரும்புக் கசடாகத்தான் இருக்கும்.

எரிவெள்ளி போனால் ஆரோ பெரியவர் சாகப்போகிறாராம். ஆரோ ஒருவர் தினமும் சாகிறார். அதற்கு வானம் என்ன செய்யும்? பச்சையாய் எரிந்தால் நஞ்சாம். மகனீசியமும் நிக்கலும் எரிந்தால் அப்படித்தான்.

பெரிய எரிவெள்ளியின் சத்தம் மட்டும் கவனிக்க வேண்டியது. அது நிமிடக் கணக்கில் பிந்தி வரும். 2013 பெப்ரவரி 15 இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் வெளிச்சத்தைப் பார்க்க யன்னலுக்கு ஓடியவர்கள் மீது, பிந்தி வந்த அதிர்வலை கண்ணாடியை நொறுக்கியது. காயப்பட்டவர்கள் சுமார் 1,500 பேர்.

என் வயிற்றெரிச்சல் வேறு. சந்திக்குச் சந்தி வெள்ளை எல்இடி விளக்கைப் பூட்டி, வெளிச்சத்தை வானத்துக்கும் இறைத்து எரிவெள்ளிகளை மறைக்கிறோம். விளக்குக்கு ஒரு தகரத் தொப்பி போட என்ன செலவு? டிசெம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிவெள்ளிகள் வரும். மழை விட்டால் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பெரிதாய் ஒன்று போனால் நேரம், தோன்றிய திசை, மறைந்த திசை, சத்தம் வர எத்தனை செக்கன், எல்லாம் எழுதி வையுங்கள். எங்கே விழுந்தது என்று மட்டும் எழுத வேண்டாம்.