தோட்டக் குடிலில் எலிப் புழுக்கையா? கூட்டுமுன் நனையுங்கள்

வசந்தம் வந்ததும் மிளகாய், கீரை நடுவதற்காக நாம் தோட்டக் குடிலைத் திறக்கிறோம். எலி கடித்த விதைப் பைகளையும் புழுக்கையையும் கண்டவுடன் தும்புத்தடியை எடுக்கிறோம். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஜேர்மனியர் 'ரோட்டல்மவுஸ்' என்று சொல்லும் காட்டெலியின் புழுக்கை, சிறுநீர், உமிழ்நீரில் ஹன்டா வைரஸ் இருக்கலாம். காய்ந்த தூசியோடு அதைச் சுவாசித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். 2012இல் மட்டும் ஜேர்மனியில் 2,800க்கும் அதிகமானோருக்கு இந்நோய் பதிவானது. பெரும்பாலானோர் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தவர். இங்கு இதற்குத் தடுப்பூசி இல்லை.

செய்ய வேண்டியவை:

1. கதவு, யன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள்.

2. கையுறையும் எஃப்.எஃப்.பி.3 முகக்கவசமும் அணியுங்கள்.

3. கூட்டவோ தூசி உறிஞ்சியைப் பாவிக்கவோ வேண்டாம். புழுக்கையைச் சவர்க்கார நீரால் நன்றாக நனைத்து, கடதாசியால் துடைத்தெடுத்து, பையில் இறுகக் கட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

4. விதைகளை மூடியுள்ள தகரப் பேணியில் வையுங்கள்.

அநேகமாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் நோய் தெரியவரும். திடீரெனக் கடுங்காய்ச்சல், தலையிடி, முதுகுவலி வந்தால் சாதாரண தடிமன் காய்ச்சல் என்று இருந்துவிடாதீர்கள். நாமாகவே இபுபுரோஃபன் விழுங்குவது சிறுநீரகத்தை மேலும் பாதிக்கலாம். குடும்ப வைத்தியரிடம், "எலிப் புழுக்கை இருந்த குடிலைத் துப்புரவாக்கினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எந்த இரத்தப் பரிசோதனை தேவை என்பதை வைத்தியர்களாகிய நாம் அந்த ஒரு வசனத்திலிருந்தே தீர்மானிக்க முடியும்.