உள்ளெழும் வெப்பம்

கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் பரந்த விருதுநகர் மாவட்டத்தில் மழை குறைவு, வெயில் மிகுதி. பட்டாசு மருந்து உலர்வதற்கு ஏற்ற இவ்வறட்சியே சிவகாசியைத் தொழில் நகராக வளர்த்தது. பொருளுக்கு நலம் செய்யும் அதே வெயில், அதனைச் செய்யும் உடலை வருத்துகிறது. மருந்து கலக்கும் அறைகளில் தீப்பொறிக்கு அஞ்சி மின் இணைப்புத் தரப்படுவதில்லை. ஆகவே மின்விசிறியும் இல்லை. தீயிலிருந்து காக்கும் ஏற்பாடே காற்றை மறுப்பது இத்தொழிலின் முரண். செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர் ஓய்வையும் தள்ளிப்போடுவர்.

வெயிலில் நிற்பவரை வெளிவெப்பம் வாட்டுகிறது. உழைப்பவருக்கோ வெப்பம் உள்ளேயும் பிறக்கிறது. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே மாறும். அதனை வெளியேற்ற இதயம் குருதியைத் தோலை நோக்கிச் செலுத்துகிறது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. உடலில் நீர் குறைந்து, காற்றும் அசையாதபோது இவ்வழி அடைபடுகிறது. 37 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கவேண்டிய உள்வெப்பம் 40ஐக் கடந்து, மூளையின் செயலும் தடுமாறினால் அதுவே உழைப்பால் நேரும் வெப்பத்தாக்கு. வியர்வை நின்ற பிறகே இது நேரும் என்பது பலரது எண்ணம். உடல் வியர்வையில் நனைந்திருக்கும்போதே நேர்வதுண்டு.

பிதற்றல், காரணமற்ற சினம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியன மூளை தரும் அறிகுறிகள். மது அருந்தியவர் எனப் பிறர் ஒதுக்கிவிடும் இடரும் இங்கு உண்டு. சமநிலையைக் காக்கும் சிறுமூளையின் உயிரணுக்கள் வெப்பத்தால் எளிதில் அழியும். பிழைத்தோருள் சிலருக்குத் தள்ளாட்டம் நிலைத்துவிடுவது அதனால்தான். தோலுக்குக் குருதி மிகும்போது குடலுக்குக் குறைகிறது. நலிந்த குடற்சுவர் வழியே நுண்ணுயிரிகளின் நச்சு குருதியில் கசிய, அதனை எதிர்த்து எழும் அழற்சி உடலையே தாக்குகிறது. குருதி உறையும் முறையும் குலைகிறது. சிதைந்த தசைகளின் புரதம் சிறுநீரக நுண்குழாய்களை அடைக்கும்; அப்புரதம் கலப்பதால் சிறுநீர் கடுந்தேநீர் நிறம் கொள்ளும். கல்லீரலின் சேதமோ ஓரிரு நாள் கழித்தே முழுமையாகத் தெரியவரும். ஆகவே, நினைவு திரும்பியவரை உடனே வீட்டுக்கு அனுப்புதல் தகாது.

மயங்கி விழாதவரையும் வெப்பம் விட்டுவைப்பதில்லை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடையே சிறுநீரகப் பாதிப்பு இருப்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

உறுப்புகள் எத்துணைக் கெடும் என்பதை, உடல் எத்துணை நேரம் கொதித்திருந்தது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. அரைமணி நேரத்திற்குள் உடலைக் குளிர்வித்தால் பெரும்பாலோர் பிழைப்பர். 108ஐ அழைத்துவிட்டு, ஊர்தி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்திக் குடங்குடமாக நீரூற்றி விசிற வேண்டும்; தலையை நீருக்குமேல் தாங்கிப்பிடித்துக் குளிர்நீர்த் தொட்டியில் அமர்த்துதல் அதனினும் நன்று. நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை பயன்படாது. இது காய்ச்சல் அன்று. ஆலையில் தீயணைக்க நிரப்பி வைத்திருக்கும் நீரையே இதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.