மூடாக்கு: எதைப் போடுவது, எவ்வளவு போடுவது?



சங்கத்தின் பொங்கல் விழாவில் என்னைச் சந்தித்த இரண்டு மூன்று குடும்பத்தினர், "உங்கள் வீட்டுச் செடிகளுக்கு அடியில் வைக்கோல் பரப்பி வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு? எவ்வளவு வாங்க வேண்டும்?" என்று கேட்டார்கள். பந்தியில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நான் விவசாயம் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தோடு காலம் கழித்து, 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றவன். ஆகவே கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடாக்கு என்பது என்ன?

செடியைச் சுற்றியுள்ள மண்ணை வைக்கோல், சருகு, உமி போன்ற ஏதாவது ஒன்றால் மூடி வைப்பதே மூடாக்கு. வெயில் நேரே மண்ணில் படாததால் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. வெளிச்சம் கிடைக்காததால் களை முளைப்பது குறையும். மழைத்துளி மண்ணை அறைந்து இறுக வைப்பதும் குறையும். நம் வங்காளத்து வண்டல் மண் மழையில் குழைந்து, காய்ந்தவுடன் அப்பளம் போல் மேலே ஓடு கட்டிவிடும். மூடாக்கு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நாளடைவில் அது மக்கி உரமாகவும் ஆகிறது. தமிழ்நாட்டில் மறைந்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சென்று இதை எடுத்துச் சொன்னார்.

இதன் பலனைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். டாக்குரியா ஸ்டேஷன் வழியாகப் போகும் கேனிங் லோக்கலில் ஏறினால் சுந்தரவனத்தின் வாசலில் இறங்கலாம். அங்கே கோடையில் மண் காயக் காய அடியிலுள்ள உப்பு நீரோடு மேலேறி வந்துவிடும். 2009 மே மாதம் ஐலா புயலில் கடல்நீர் புகுந்த வயல்களின் நிலைமை இன்னும் மோசம். இந்தப் பகுதியில் நெல் அறுவடையானதும், ஈரம் காயாத வயலை உழாமலே விதைக் கிழங்கை மேலே வைத்து, எருவிட்டு, வைக்கோலால் மூடி உருளைக்கிழங்கு பயிரிடும் முறை வந்திருக்கிறது. மண் காய்வது குறைவதால் உப்பு மேலேறுவதும் குறைகிறது. வைக்கோலை விலக்கிக் கிழங்கைக் கையால் பொறுக்கிக்கொள்ளலாம்.

நான் செய்த தவறு

1996-இல் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது, என் தாயார் திருச்சி பொன்மலையிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஹார்லிக்ஸ் டப்பாவில் வைத்து, கோரமண்டல் எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அது மதில் அளவுக்கு வளர்ந்தது. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை கிடைக்காத நாட்களில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அதுதான் கைகொடுத்தது. தாயார் காலமான பிறகு நாங்கள் அதை ஒரு மரமாக மட்டும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றபின் தோட்டத்தில் இறங்கினேன். 2021 ஏப்ரலில் மரத்தைச் சுற்றி நான்கு அங்குலம் வைக்கோல் பரப்பினேன். மரம் நன்றாகத் தளிர்த்தது. மே மாத முடிவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் வைக்கோல் இரண்டு அங்குலமாக அமுங்கியிருந்தது. தண்டவாளத்து ஜல்லி குறைந்தால் உடனே நிரப்பிப் பழகிய கை சும்மா இருக்குமா? மழை தொடங்குமுன் இன்னும் வைக்கோல் வாங்கி, ஸ்லீப்பருக்கு ஜல்லி அணைப்பதுபோல் தண்டோடு ஒட்டி அணைத்து, ஆறு அங்குலம் போட்டுவிட்டேன். என் மனைவி, "மழைக்காலத்தில் இத்தனை எதற்கு? மரத்துக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள். கணக்கு தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

ஆவணியில் இலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, மழை இல்லாத நாட்களில் தண்ணீரும் விட்டேன். கடைசியில் வைக்கோலை விலக்கிப் பார்த்தபோது, அடித்தண்டைச் சுற்றிப் பட்டை கறுத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு அழுகியிருந்தது. துர்கா பூஜைக்குள் மரம் பட்டுப்போனது.

பிழை எங்கே என்று பிறகு யோசித்தேன். ஜல்லியின் வேலை நீரை உடனே வடியவிடுவது. அதனால் அதற்கு ஆண்டு முழுவதும் ஒரே கனம். மூடாக்கின் வேலையோ நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது. வானமே நீரைக் கொட்டும்போது அதையும் சேர்த்துப் பிடித்துவைத்தால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? மூடாக்கின் கனம் பருவத்துக்குப் பருவம் மாறவேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பருவமும் கனமும்

ரவீந்திர சரோவரில் காலையில் நடக்கும்போது மரத்தடிகளைக் கவனியுங்கள். மாசி, பங்குனியில் பல மரங்கள் இலையுதிர்க்கின்றன. கோடையில் தரையில் சருகு கனமாகக் கிடக்கிறது. மழை தொடங்கியதும் மக்கிப்போய், ஆவணியில் மெல்லிய படலம்தான் மிஞ்சுகிறது. இயற்கை போடும் அந்த அட்டவணையையே நானும் இப்போது பின்பற்றுகிறேன்.

பங்குனி முதல் வைகாசி வரை: அமுங்கியபின் இரண்டு முதல் மூன்று அங்குலம். கால்பைசாகி காற்றில் சருகு பறந்துவிடும். பரப்பியதும் தண்ணீர் தெளித்து, மேலே நாலைந்து சுள்ளிகளை வைத்துவிடுங்கள்.

ஆனி முதல் புரட்டாசி வரை: கொல்கத்தாவின் மழையில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான். பாதியை வாரி எடுத்து, ஒரு அங்குலத்துக்கு மிகாமல் வையுங்கள். வாரி எடுத்ததை உரக்குழியில் போடலாம்.

ஐப்பசி முதல் மாசி வரை: தக்காளி, கத்தரி, கொத்தமல்லி போடும் காலம். நாற்று ஒரு சாண் வளர்ந்தபின் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம்.

எந்தப் பருவமானாலும் சிறு செடிக்குத் தண்டிலிருந்து நான்கு விரற்கடை, மரத்துக்கு ஒரு சாண் தூரம் மண் வெறுமையாகத் தெரியவேண்டும்.

எதைப் போடலாம்?

வைக்கோல்: பாத்திகளுக்கு நல்லது. நெல்மணி ஒட்டியிருந்தால் உதறிப் போடுங்கள், முளைத்துவிடும். பூஜைக்குப் பின் ஆற்றங்கரையில் கிடக்கும் சிலை வைக்கோல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வரவேண்டாம். அதில் சாயம் ஊறியிருக்கும்.

சருகு: காசில்லாமல் கிடைப்பது. முழு இலையாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தகடுபோல் தண்ணீரைத் தடுக்கும். கையால் நொறுக்கிப் போடுங்கள்.

உமி: கடையில் 'துஷ்' என்று கேளுங்கள். தொட்டிகளுக்கு ஏற்றது. காற்றில் பறக்கும் என்பதால் நனைத்துப் போடவேண்டும்.

தேங்காய் நார்த்தூள்: மாடித் தொட்டிகளுக்கு மிகவும் நல்லது. சிலவற்றில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள்.

ஆகாயத்தாமரை: இங்கே 'கொச்சுரிபானா'. வங்காளத்தின் குளங்களையும் கால்வாய்களையும் இது அடைத்த கொடுமையால் 1936-இல் தனிச் சட்டமே போட்டார்கள். வேரை வெட்டி எறிந்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் அருமையான மூடாக்கு. சாக்கடை கலக்கும் குளத்திலிருந்து எடுத்ததைக் காய்கறிப் பாத்தியில் போடவேண்டாம். அது கழிவிலுள்ள உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

மரத்தூள்: மேலே மெல்லியதாகத் தூவலாம், மண்ணோடு கலக்கக்கூடாது. கலந்தால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி வெளுத்துவிடும். பிளைவுட் பட்டறைத் தூள் கூடவே கூடாது, பசை கலந்தது.

மழைக்காலத்தில் மூடாக்கை வாரத்துக்கு ஒருமுறை கிளறிப் பாருங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் அடியில் தங்கும். 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து இந்தக் கல்கத்தாவில் விட்டதன் வம்சம் அது! கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குங்கள். வீட்டுச் சுவரை ஒட்டியும் மூடாக்கு வேண்டாம், கரையான் வரும்.

கணக்கு

நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, கனத்தை அங்குலத்தில் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்தால் கன அடி வரும். முக்கியமான சங்கதி, அமுங்கும் அளவையும் சேர்த்துக்கொள்வது. என் தோட்டத்தில் அளந்து பார்த்ததில் வைக்கோலும் சருகும் ஏறக்குறையப் பாதியாகின்றன. ஆகவே வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு வாங்கவேண்டும். உமிக்கும் நார்த்தூளுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும்.

உதாரணம் ஒன்று: 12 அடிக்கு 4 அடி பாத்தி. பரப்பு 48 சதுர அடி. அமுங்கியபின் 2 அங்குலம் வேண்டுமானால் பரப்பும்போது 4 அங்குலம். 48-ஐ 4-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 16 கன அடி. சிமெண்ட் சாக்கு ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி பிடிக்கும். ஆக 13 சாக்கு சருகு.

உதாரணம் இரண்டு: மாடியில் வாய் அகலம் 12 அங்குலமுள்ள 20 தொட்டிகள். வட்டமான தொட்டி ஒன்றின் பரப்பு முக்கால் சதுர அடிக்குச் சற்று அதிகம். ஒன்றரை அங்குலக் கனத்துக்கு ஒரு தொட்டிக்குக் கன அடியில் பத்தில் ஒரு பங்கு. 20 தொட்டிக்கு 2 கன அடி, அமுங்குவதற்கும் சேர்த்து 2.4. இரண்டு சாக்கு நார்த்தூள் போதும்.

ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 100 உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கலாம், அல்லது காய்ந்த ஓலை 15 போடலாம், அல்லது நார்த்தூளை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பலாம் என்பது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நார்த்தூள் என்றால் மரத்துக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வரும். வண்டி பேசுமுன் மரங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

முடிவாக

பட்டுப்போன மரத்தை வெட்ட மனம் வராமல் மாரிக்காலம் முழுவதும் விட்டுவைத்திருந்தேன். அடுத்த பங்குனியில், மரத்திலிருந்து நான்கடி தள்ளி, நான் வைக்கோல் போடாமல் விட்ட மதிலோரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று தலைநீட்டியது. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். பழைய மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்றுதான். முதலில் பார்த்தவள் என் மனைவி. இப்போது அது என் தோளுயரம் இருக்கிறது. அதற்கு மூடாக்கு உண்டு. ஆனால் ஆனி பிறந்ததும் பாதியை வாரி எடுக்கும் பொறுப்பை என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

பாத்தியின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.