கோர்வைப் பக்கம் ஓர் ஆள்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய பெயர்ப்பலகை மாதிரியைப் பார்த்தேன். மேலே உன் பெயர், அடுத்து எம்.எஸ்ஸி. சைக்காலஜி, அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாடி அறை ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகவும், தை பிறந்ததும் திறக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தத் தெருக்களில் தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவள் நான். அங்கே மனசைத் திறந்து பேச ஓர் இடம் வருகிறது என்றால் எனக்கு அது சாதாரணச் செய்தி இல்லை. திற. ஆனால் அந்தச் சிவப்பு வரியை எடுத்துவிடு. பலகை எழுதுகிறவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அந்தப் பெயருக்குச் சட்டம் காவல் நிற்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, கவுன்சிலின் பதிவேட்டில் ஏறியவர்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்யலாம். மீறினால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவேட்டில் ஏற இத்தனை காலம் இருந்த வழக்கமான வழி, முதுகலைக்குப் பிறகு கவுன்சில் ஒப்புக்கொண்ட இடத்தில் 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஏறக்குறைய இதே தகுதியைத்தான் எழுதி வைத்திருக்கிறது.

“அப்படியானால் ஐந்து வருஷம் படித்த நான் யார்?” என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. இதை நான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார். பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம்தான் இன்றைய நிம்ஹான்ஸ். நம் நாட்டில் மருத்துவமனை உளவியலாளர்களுக்கான பயிற்சி உருவம் பெற்ற இடங்களில் அதுவே முதன்மையானது. அந்தப் பயிற்சி வார்டுக்கென்று நெய்த துணி: ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், அவர்களோடு சோதனை செய்து அறிக்கை எழுதும் ஓர் உளவியலாளர். தெருவில் அறை எடுத்துத் தனியாக உட்காரப் போகிற ஒருத்தியை அன்றைக்கு யாரும் மனதில் வைக்கவில்லை. உளவியலாளர்களுக்கென்று ஒரு கவுன்சில் கடைசிவரை வரவில்லை. 1992இல் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணி செய்கிறவர்களுக்காகச் சட்டம் எழுதியபோது, காதுக் கருவித் தொழில்நுட்பர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் சிறப்பு ஆசிரியர்களும் இருந்த பட்டியலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளையும் சேர்த்தார்கள். அந்த வேலைகள் எல்லாமே மரியாதைக்குரியவை. ஆனால் கணவன் குடிப்பதால் தூக்கம் கெட்ட ஒரு பெண்ணோடு பேசுகிற வேலையை எந்தப் பட்டியலும் ஏற்றுக்கொள்ளவில்லை. நம்மைப் போன்றவர்கள் பள்ளியிலும் தொண்டு நிறுவனத்திலும் நர்சிங் ஹோமிலும் வேலை செய்துகொண்டே இருந்தோம். அறிக்கையை நாம் எழுதுவோம், கையெழுத்து இன்னொருவருடையது. கூலி நெசவு போலத்தான். பாவும் ஊடையும் முதலாளி தருவார், சேலையில் பெயரும் அவருடையது, கை மட்டும் நம்முடையது.

தேசிய மனநல ஆய்வை 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்தியது. ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை எட்டாதவர்களின் பங்கு, நோய்க்கு ஏற்ப, 70 முதல் 92 சதவீதம் வரை. இத்தனை பேர் காத்திருக்கும்போது படித்த பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று எனக்கு ஆறவில்லை. அந்த எம்.ஃபில். இடங்களோ சொற்பம், பெரும்பாலும் வெளியூரில். இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் வெளியூரில் தங்கிப் படிக்க ஒரு நெசவாளி வீட்டுப் பெண்ணால் முடியுமா? தகுதியைக் கேட்கிறோம் என்ற பெயரில் வசதியையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இப்போது அந்தக் கதவையே இடித்துக் கட்டுகிறார்கள். எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்தியது. இந்தத் துறைக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. இதற்கிடையில் 2021இல் தேசிய துணைநிலை மற்றும் நலப்பணித் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில், மறுவாழ்வு கவுன்சிலின் கீழ் வருகிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளைத் தவிர்த்த மற்ற உளவியலாளர்களுக்கு முதன்முறையாக ஓர் இடம் இருக்கிறது. நலப்பணித் தொழிலர் என்றால் 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். அதே சட்டத்தைக் காட்டித்தான் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டது. நீ கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்தவள். உன் சான்றிதழ்கள், களப்பயிற்சி மணிக்கணக்கு, ஆசிரியர் கையெழுத்திட்ட பதிவேடு எல்லாவற்றையும் பத்திரப்படுத்து. பதிவு தொடங்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

இது நம் ஊர்ச் சண்டை மட்டுமில்லை. அமெரிக்காவில் முனைவர் பட்டம் இல்லாதவரைத் தனித்து இயங்கும் உளவியலாளர் என்று பெரும்பாலான மாநிலங்கள் ஏற்பதில்லை. வெர்மான்ட், மேற்கு வர்ஜீனியா போன்ற சில இடங்கள் ஏற்கின்றன. பல காலம் எதிர்த்து நின்ற அமெரிக்க உளவியல் சங்கமே 2018இல் முதுகலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏற்பாட்டை முன்னெடுக்க முடிவு செய்தது. ஆஸ்திரேலியா எனக்குப் பிடித்த உதாரணம். அங்கே ஒரு வழி இருக்கிறது: 5 ஆண்டு படிப்பு, அதன் மேல் 1 ஆண்டு மூத்தவரின் மேற்பார்வையில் வேலை, பிறகு ஒரு தேர்வு. முடித்தால் உளவியலாளர் என்று பொதுப் பதிவு. நீ படித்ததும் அதே ஐந்து ஆண்டுதான். உனக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது அந்த ஓர் ஆண்டு. நம் சங்கங்கள் உரிமை, உரிமை என்று கேட்கின்றன. நான் அந்த ஆண்டைக் கேட்கச் சொல்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதைப் பலரிடம் சொன்னதில்லை.

எம்.ஏ. முடித்த கையோடு நானும் ஓர் அறை எடுத்தேன். நாற்பது வயது நெசவாளி ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். வீட்டில் ஓயாத சண்டை. மனிதர் கலகலப்பாகப் பேசினார். ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினால் போதும் என்றார். இரண்டு முதலாளிகளிடம் முன்பணம் வாங்கி, கடனுக்குப் பட்டும் ஜரிகையும் எடுத்து, நான்கு தறி போடப் போகிறேன் என்றார். கூலி நெசவிலிருந்து மீளத் துடிக்கிற ஒருவர் என்று நினைத்தேன். என் அப்பாவை அவரிடம் பார்த்தேனோ என்னவோ. ‘உற்சாகம்’ என்று குறிப்பில் எழுதினேன். ஆறு வாரம் இருவரையும் உட்காரவைத்துத் தாம்பத்தியம் பற்றிப் பேசினேன். அது மனஎழுச்சி நோய். பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியிருந்தேன், எதிரில் வந்து உட்கார்ந்தபோது தெரியவில்லை. ஏழாவது வாரம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாத்திரையில் தேறி வந்தார். அதற்குள் வீட்டிலிருந்த ஒரே தறியும் கடனுக்குப் போயிருந்தது. முதல் வாரமே என் குறிப்பை அனுபவப்பட்ட ஒருவர் படித்திருந்தால், “எத்தனை நாளாகத் தூக்கமில்லை?” என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்திருக்கும்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் நினைவில் அறுக்கிறது.

கோர்வை உனக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா. நெசவாளி ஒரு பக்கம் உட்கார்ந்தால், கரை ஊடையைக் கோத்து வாங்கிக் கொடுக்க மறுபக்கம் ஓர் ஆள் வேண்டும். பத்து வயதில் அப்பாவுக்கு எதிரே அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்குழி ஓரம்தான். (பிள்ளைகளை அங்கே உட்காரவைத்த காலம் போனது நல்லதே.) இப்போது ஒரே ஆள் போடும்படி உத்திகள் வந்துவிட்டன. ஆனால் நான் பார்த்த பழைய முறையில், கூலித் தறியானாலும் சொந்தத் தறியானாலும் கோர்வைக்கு இரண்டு பேர். சொந்தத் தறி என்றால் பட்டு உன்னுடையது, விலை உன்னுடையது, பொறுப்பு உன்னுடையது. எதிரில் ஆள் இல்லாமல் கரை உடலோடு சேராது. மேற்பார்வை என்று நான் சொல்வது அந்த எதிர்ப்பக்கத்து ஆளைத்தான். அவர் உனக்கு முதலாளி இல்லை. உன் அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை.

பலகைக்கு வருகிறேன். ‘எம்.எஸ்ஸி. உளவியல், மனநல ஆலோசனை’ என்று போடு. உண்மை அது, குறைவும் இல்லை. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு 2005இல் புவிசார் குறியீடு வாங்கினோமே, எதற்கு? கடையில் நின்று சேலையைப் பிரித்துப் பார்க்கிறவர் ஏமாறக்கூடாது என்றுதானே. நம்மிடம் வருகிறவரும் வாங்குகிறவர்தான். அவருக்கு நூலைத் தீய்த்துப் பார்க்கவும் வழியில்லை.

அந்த அறையின் மாடிப்படி தெருவைப் பார்த்து இருப்பதாக எழுதியிருக்கிறாய். இதை யோசி. யார் ஏறுகிறார், எத்தனை நேரம் இருந்தார், கண் சிவந்து இறங்கினாரா என்று எதிர்த் திண்ணை முழுக்கப் பார்க்கும். கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண் அந்தப் படியில் ஏறமாட்டாள். பின்பக்கம் வழி இருந்தால் அதைத் திற, இல்லையென்றால் கீழே ஒரு தையல் கடையோ டியூஷனோ இருக்கிற இடமாகப் பார். எங்கள் வீட்டில் அமாவாசையன்று யாரும் தறியில் இறங்கமாட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அன்று நேரம் கொடு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச்சொல்லாதே.

‘மனசு சரியில்லை’ என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். தலை பாரம் என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், “தறியில உக்காந்தா கை ஓடல” என்பார்கள். கார்த்திகைக் கடை ஞாயிறன்று கச்சபேஸ்வரர் கோயிலில் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து வலம் வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பாய். தலைநோய் தீர நேர்ந்துகொண்டவர்கள் அவர்கள். அதில் எத்தனை பேருடைய தலைநோய் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வேன். மாவிளக்கை விடச் சொல்லாதே, எப்போது நேர்ந்துகொண்டார்கள் என்று கேள். நோய் தொடங்கிய நாள் அந்தப் பதிலில் கிடைக்கும். இந்தச் சொற்களில்தான் நம் வேலை நடக்கிறது, பயிற்சியும் தேர்வும் மட்டும் ஆங்கிலத்தில். நலப்பணித் தொழில்களுக்கான ஆணையத்துக்கு மனு எழுதும்போது தமிழில் தேர்வு வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது. அந்த ஓராண்டுப் பயிற்சி மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே, உதவித்தொகையோடு வேண்டும் என்றும் எழுது.

அதுவரை சிலவற்றைத் தொடாதே. நுண்ணறிவுச் சோதனை செய்து சான்று கொடுக்காதே. யாருடைய மாத்திரையையும் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லாதே. தூக்கம் முற்றிலும் போனவர், காதில் குரல் கேட்கிறவர், சாக வேண்டும் என்கிறவர் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் நீயே கூட்டிப் போ. திறக்கும் முன்பே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் போய்ப் பார்த்து, நான் இன்ன தெருவில் இருக்கிறேன் என்று அறிமுகம் செய்துகொள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுது, நீ இல்லாத ராத்திரிக்கு அது.

வருமானத்துக்குப் பயப்படுகிறாய். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் பள்ளிகளுக்கா குறை? வாரம் மூன்று நாள் ஒரு பள்ளி, மூன்று மாலை உன் அறை. பிள்ளைகளைத் தெரிந்தால் வீடுகள் தானாக வரும்.

அட்வான்ஸ் கொடுத்த அறையை நானும் வந்து பார்க்கிறேன். அதற்கு முன் வரும் அமாவாசையன்று சாயங்காலம் வீட்டுக்கு வா. களப்பயிற்சியில் நீ பார்த்தவர்களில் மூன்று பேருடைய குறிப்பை, பெயரும் தெருவும் எழுதாமல், எடுத்து வா. உனக்குப் புரியாமல் போன மூன்று பேராக இருக்கட்டும். இனி மாதம் இரண்டு தடவை இப்படி உட்காருவோம். எனக்குக் காசு எதுவும் வேண்டாம். அந்த நெசவாளியைப் பற்றி அன்றைக்கு நான் எழுதிய குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலில் அதைப் படிப்போம்.

அன்புடன்,
உன் அத்தை