மணிக்கட்டுக்குக் காபி தெரியாது

கூடலூரில் விடியுமுன்பே டீக்கடை பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிடும். குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கக்கத்தில் கூடைப்பந்தை இடுக்கிக்கொண்டு நாலைந்து பையன்கள். "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு காபி. இன்னைக்கு மேட்ச் இருக்குண்ணே." கடைக்காரர் இன்னொரு கரண்டி டிக்காஷனைச் சேர்த்து ஊற்றுவார். "குடிடா தம்பி, பந்து நேரா ரிங்குக்குள்ள விழும் பாரு."

(நீலகிரிக் கூடலூரை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், லோயர் கேம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கூடலூர்.)

அந்தப் பையன்களைக் கேலி செய்ய எனக்கு அருகதை கிடையாது. பள்ளி நாட்களில் ஒரு மேட்சுக்கு முன்னால் மூன்று டம்ளர் கடுங்காபி குடித்துவிட்டு இறங்கியவன் நான். ஓட்டத்துக்குக் குறைவில்லை. கடைசி நிமிடத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டுமே ரிங்கைத் தொடாமல் போர்டில் மோதித் திரும்பின.

நம்பிக்கை: காபி குடித்தால் குறி தப்பாது.

உண்மை: கால் கேட்கும், கை கேட்காது. ஸ்பெயினில் இதை ஆட்டக்காரர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வில் பதினைந்து வயதை ஒட்டிய 16 கூடைப்பந்துப் பையன்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் கலந்த பானம் ஒரு நாள், காஃபீன் இல்லாத அதே பானம் வேறொரு நாள். காஃபீன் குடித்த நாளில் துள்ளும் உயரம் கொஞ்சம் கூடியது. கூடையில் போடும் துல்லியம் கூடவில்லை. 2017இல் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் 20 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் காஃபீன் எடுத்த நாளில் உயரமாகக் குதித்தார்கள், மோதி ஆடினார்கள், ரீபவுண்டுகளைக் கூடுதலாகப் பறித்தார்கள். ஃப்ரீ த்ரோ துல்லியம் மட்டும் பழையபடியே. துள்ளலில் கூடியதும் சராசரியாக ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

ஏன் இப்படி? உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது தன் ஏற்பியில் போய் உட்கார்ந்தால் நமக்கு அலுப்பு தட்டும். காஃபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. அலுப்பு தெரியாமல் ஓடுவோம். ஆனால் ஃப்ரீ த்ரோ வேறு கணக்கு. ரிங்கின் உயரம் 3.05 மீட்டர், கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர். ரிங்கின் உள்வாய் 45 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 24. முழங்கால், முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல்நுனி என்று வரிசை பிசகாமல் விரிய வேண்டும். ஆயிரக்கணக்கான முறை எறிந்து எறிந்து கைக்குப் பழகிய வரிசை அது. அதை டிக்காஷனில் கரைத்துக் கொடுக்க முடியாது.

நம்பிக்கை: எவ்வளவு கறுப்போ, அவ்வளவு வேகம்.

உண்மை: கறுப்புக்கும் கெட்டிக்கும் பாதிக் காரணம் சிக்கரி. அதில் காஃபீன் துளியும் கிடையாது. காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்க நம் நாட்டு விதி இடம் கொடுக்கிறது. பாக்கெட்டின் ஓரத்தைப் பாருங்கள், விகிதம் அச்சிட்டிருக்கும். கொட்டையின் ரகமும் கணக்கில் வரும். அரபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் ரொபஸ்டாவில் உண்டு. ஆகவே நிறத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்ல முடியாது.

அளவையும் பார்த்துவிடுவோம். 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்படி, 150 மில்லி வடிகாபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300ஐத் தாண்டக்கூடாது என்கிறது அதே வழிகாட்டுதல். ஸ்பெயின் ஆய்வின் கணக்கில் 50 கிலோ எடையுள்ள பையனுக்கு 150 மில்லிகிராம் ஆகிறது. நம் கடைக் கிளாஸ் சுமார் 100 மில்லிதான் பிடிக்கும். டீயென்றால் மூன்றரையிலிருந்து ஏழரை கிளாஸ்! அத்தனை பாலையும் சர்க்கரையையும் வயிற்றில் குலுக்கிக்கொண்டு ஓடித் துள்ளி லே-அப் போடப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பங்கு குடித்தால் இரண்டு பங்கு பலம் என்பதும் பொய். கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்ற அளவுக்குப் போனால் படபடப்பும் நடுக்கமும்தான் கூடுகின்றன, ஆட்டம் கூடுவதில்லை.

சுக்குக் காபி குடித்தால் தெம்பு வரும் என்பவர்களுக்கு ஒரு வரி: சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைக்கும் அதில் பெரும்பாலும் காபித்தூளே கிடையாது. பெயரில்தான் காபி.

நம்பிக்கை: டின்னில் வரும் எனர்ஜி டிரிங்க் காபியைவிடப் பலமானது.

உண்மை: நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி இந்தப் பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரைதான் காஃபீன் இருக்கலாம். 250 மில்லி டின்னில் அதிகபட்சம் 75. மேலே சொன்ன ஒரு கப் வடிகாபியைத் தாண்டவில்லை. மிச்சமெல்லாம் சர்க்கரையும் விளம்பரமும். அதே டின்னில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: குழந்தைகளுக்கு உகந்ததல்ல. இதை அச்சிடச் சொல்வதும் விதிதான். பள்ளி அணிக்கு அன்பாக ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்கும் பெரிய மனிதர்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க வேண்டிய வரி அது.

நம்பிக்கை: காபி உடம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

உண்மை: வழக்கமாகக் காபி குடிக்கிற 50 ஆண்களை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வு 2014இல் வந்தது. தினம் நாலு கப் குடித்த நாட்களிலும் அதே அளவு தண்ணீர் குடித்த நாட்களிலும் அவர்களின் உடல் நீரில் வித்தியாசம் தெரியவில்லை. நம் ஊர் மே மாத வெயிலில் ஆடுகிறவருக்குத் தண்ணீர் வற்றுவது வியர்வையால்.

நம்பிக்கை: காபி குடித்தால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வோம்.

உண்மை: ஒரு காலத்தில் மாட்டியிருக்கலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய நவீன பென்டத்லான் வீரர் அலெக்ஸ் வாட்சன், சிறுநீரில் காஃபீன் அளவு கூடியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். காபி குடித்ததுதான் என்று அவர் சொல்லியும் அப்போது பலிக்கவில்லை. 2004 ஜனவரி 1 முதல் காஃபீன் தடைப் பட்டியலில் இல்லை. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கண்காணிப்பதோடு சரி. நான் பயப்படுவது ஜிம்மில் கைமாறும், பெயர் தெரியாத 'ப்ரீ-வொர்க்அவுட்' பவுடர்களுக்கு. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

நம்பிக்கை: ராத்திரி தூங்காவிட்டால் என்ன, காலையில் ஒரு காபி போதும்.

உண்மை: இந்த ஒன்றுதான் பையன்களை அதிகமாகக் கெடுக்கிறது. பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை மின்னொளியில் பார்த்துவிட்டு ஊர் திரும்ப நேரமாகிவிடும், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு விடியும்வரை போன். காலையில் கண்ணெரிச்சலோடு காபி, பயிற்சி.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் 11 பேரைச் சில வாரங்கள் தினமும் பத்து மணிநேரமாவது படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011இல் முடிவு வந்தது. ஃப்ரீ த்ரோவில் பத்துக்கு சராசரி 7.9 போட்டுக்கொண்டிருந்தவர்கள் 8.8 போட்டார்கள். மூன்று புள்ளி எறிதலும் ஏறியது, ஓட்டமும் வேகமானது. சின்னக் குழு, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு அணியும் இல்லை. ஆனாலும் காஃபீனால் அசைக்க முடியாத மணிக்கட்டு அங்கே அசைந்திருக்கிறது.

காஃபீன் அந்தத் தூக்கத்திலேயே கைவைக்கிறது. 2017 ஸ்பெயின் ஆய்வில் காஃபீன் எடுத்த இரவு தூக்கம் வரவில்லை என்றவர்கள் அதிகம். உடம்பில் போன காஃபீனில் பாதி வெளியேறச் சுமார் ஐந்து மணிநேரம் ஆகும். மாலை ஆறு மணி மேட்சுக்காக ஐந்து மணிக்குக் குடித்தால் இரவு பத்துக்கும் பாதி மிச்சம். 400 மில்லிகிராமைப் படுப்பதற்கு ஆறு மணிநேரம் முன்பு எடுத்தாலும் ஒரு மணிநேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு சொன்னது.

வளர்ந்த ஆட்டக்காரர், பழக்கமுள்ளவர், மேட்சுக்கு ஒரு மணிநேரம் முன்பு ஒரு கப் குடித்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால், கடைக்கார அண்ணே, பள்ளிக்கூடப் பையன் பந்தோடு வந்து ஸ்ட்ராங்கா கேட்டால் பாலை ஆற்றிக் கொடுத்து, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.